ஸ்பானிஷ் பாட்டுக்கு உப்பளத்தைப் படமாக்கிய சாகுல் பாய்

சாகுல் பாய் இறந்துவிட்டார். சென்ற செவ்வாய்க்கிழமை காலை அவருடைய மருமகன் ரஃபி, கோட்டக்குப்பம் வீட்டிலிருந்து தொலைபேசியில் இதை உறுதி செய்தார். அதற்கு முன்பே மரக்காணம் பேருந்து நிலையத்தில் மூன்று பேர் என்னிடம் சொல்லியிருந்தார்கள். ஒருவர் சாலை விபத்து என்றார். இன்னொருவர் பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில் என்றார். மூன்றாமவர், பாய் நன்றாகத்தான் இருக்கிறார், போனது வேறு ஒரு சாகுல் என்றார். நடந்ததை ரஃபி சொன்னார். விடிகாலைத் தொழுகைக்கு எழுந்தவர் நெஞ்சு அடைக்கிறது என்று கட்டிலில் உட்கார்ந்திருக்கிறார். வண்டி வருவதற்குள் முடிந்துவிட்டது. அன்று மாலையே அடக்கம் செய்தோம்.

மரக்காணத்தில் கேபிள் இணைப்பு வைத்திருந்த எல்லோருக்கும் அவர் குரல் தெரியும். வளைகுடாவில் பல வருடம் லாரி ஓட்டிவிட்டுத் திரும்பியவர், கடைத்தெருவில் ஒரு மாடி அறையை வாடகைக்குப் பிடித்து உள்ளூர் சேனல் நடத்தினார். மாலையில் விருப்பப் பாட்டு. தொலைபேசியில் கேட்கும் பாட்டை ஒளிபரப்புவார். யார் அழைத்தாலும் முதலில், "டிவி சவுண்ட கொறைங்க, அப்புறம் பேசுங்க" என்பார். ஒருமுறை தாசில்தார் அலுவலகத்திலிருந்து ஒரு புகார் பற்றிப் பேச அழைத்தபோதும் அதையே சொன்னார். மறுமுனையில் டிவி ஓடிக்கொண்டுதான் இருந்தது.

அந்த ஸ்பானிஷ் பாட்டு அவர் கைக்கு வந்தது சுனாமிக்கு அடுத்த வருடக் கடைசியில். ஷார்ஜாவில் வேலை செய்யும் அவருடைய அக்கா மகன் விடுமுறையில் வரும்போது ஒரு சிடி கொண்டுவந்தார். இந்தியும் அரபியுமாகப் பல பாட்டுகளுக்கு நடுவே இது ஒன்று. ஒரு ஆணும் பெண்ணும் மாறி மாறிப் பாடுகிறார்கள். பின்னால் டிரம்பெட், நடுவில் கைதட்டல், விடாமல் ஓடும் ஒரு மேளம். மொழி யாருக்கும் புரியவில்லை. சோதனைக்காக ஒரு மாலை போட்டார். மறுநாள் பத்துப் பேர் அதையே கேட்டார்கள். சுனாமிக்குப் பிறகு கடலோரக் குப்பங்களில் நெடுநாள் யாரும் ஒலிபெருக்கி கட்டியிருக்கவில்லை. மறுபடியும் கட்டத் தொடங்கியபோது பல இடங்களில் இந்தப் பாட்டைக் கேட்டேன். அழுகையையோ பழைய சந்தோஷத்தையோ நினைவுபடுத்தாத பாட்டு என்பதால் இருக்கலாம். இது என் ஊகம் மட்டுமே.

பாட்டு இருந்தது, படம் இல்லை. திரையில் ஒரு ரோஜாப்பூவை நிறுத்தி வைத்திருந்தார். "பாய், பாட்டு ஓடுது, பூ நிக்குதே" என்று ஒருவர் தொலைபேசியில் கேலி செய்தார். அது அவருக்கு உறைத்தது. தை மாதம், மழைத் தண்ணீரை இறைத்துவிட்டு உப்பளங்களில் மிதி நடந்துகொண்டிருந்த சமயம். புதிதாகச் சேறு பூசிய பாத்தி இறுகினால்தான் உப்பு வெள்ளையாக விளையும். அதற்காகப் பெண்கள் வரிசையாக நின்று, ஒருவர் தோளில் ஒருவர் கை போட்டு, ஒரே அடியாகக் குதிகாலை ஊன்றி வரப்புக்கு வரப்பு மிதித்துப் போய்த் திரும்புவார்கள். பாய் கேமராவோடு போனார். அனுமதி கேட்டார். ஏழு பெண்கள் மிதிப்பதை எடுத்துவந்து பாட்டோடு ஒட்டினார். ஒட்டு அவ்வளவு கச்சிதமாக அமைந்துவிட்டது. மேளம் விழும் இடத்தில் குதிகால் விழுந்தது.

அதற்குக் கிடைத்த வரவேற்பை நேரில் பார்த்தேன். டீக்கடையில் அந்தப் பாட்டு வந்தால் கிளாஸை வைத்துவிட்டுப் பார்த்தார்கள். பள்ளிக்கூட மைதானத்தில் பிள்ளைகள் தோளில் கை போட்டு மிதித்தார்கள். கோட்டக்குப்பத்து நண்பர்கள் பாயை "வாங்க டான்ஸ் மாஸ்டர்" என்று வரவேற்றார்கள். அவர் கோபப்படவில்லை. "நீங்க வந்து மிதிங்க, உங்களையும் போடறேன்" என்றார்.

ஒரு மாதம் போலச் சென்றிருக்கும். நான் அவருடைய மாடி அறையில் இருந்தபோது குப்பம்மாள் படியேறி வந்தார். படத்தில் மூன்றாவதாக நின்று சிரிக்கும் செல்வியின் தாய். அவரும் உப்பளத் தொழிலாளிதான். செல்விக்குப் பொம்மையார்பாளையத்தில் நிச்சயம் முடிந்து, வைகாசியில் கல்யாணம் என்று இருந்தது. மாப்பிள்ளையின் தாய்மாமன் ஏதோ வேலையாக மரக்காணம் வந்தவர் டீக்கடையில் அந்தப் படத்தைப் பார்த்திருக்கிறார். பொம்மையார்பாளையத்தில் உப்பளம் கிடையாது. அவர் மிதியைக் கண்டதில்லை. பெண் டிவியில் டான்ஸ் ஆடுகிறாள் என்று போய்ச் சொல்லிவிட்டார். மாப்பிள்ளை வீட்டிலிருந்து, இப்போது வேண்டாம், பிறகு பார்க்கலாம் என்று சொல்லியனுப்பியிருந்தார்கள்.

"நான் கேட்டுட்டுத்தானேம்மா எடுத்தேன்" என்றார் பாய்.

"படம் புடிக்கறேன்னு கேட்ட. பாட்டு போடுவேன்னு கேட்டியா?"

பாய் எழுந்து அவருக்கு நாற்காலியை நகர்த்திப் போட்டார்.

"நாங்க வேலை செஞ்சோம் பாய். நீ அத ஆட்டம் ஆக்கிட்ட. ஊரே சிரிச்சுப் பாத்துது, சரி, போனா போவுதுன்னு வுட்டேன். இப்ப எம்பொண்ணு வூட்டுல உக்காந்துக்குது. யாரு பதில் சொல்றது?"

அன்று மாலையே பாட்டை நிறுத்தினார். அது நிலைமையை இன்னும் கெடுத்தது. ஏதோ இருக்கப்போய்த்தானே நிறுத்திவிட்டார்கள் என்று பேச்சு கிளம்பியது. இரண்டு நாள் கழித்து பாய் என்னிடம் வந்தார். "ரிப்போர்ட்டரே, நீங்க கூட வரணும். நான் மட்டும் போனா கேபிள்காரன் சமாளிக்கிறான்னு நெனைப்பாங்க." வெட்டாத டேப்பை மாப்பிள்ளை வீட்டில் போட்டுக் காட்டுவது அவர் திட்டம். ஆனால் அதற்கு முன் குப்பம்மாள் வீட்டுக்குப் போனார்.

செல்வி வெளியே வந்து நின்றார். இருபது வயதுக்கு மேல் இருக்கும். அழுத முகமாகத் தெரியவில்லை. எரிச்சலாக இருந்தார்.

"டேப்புல நீ ஒண்ணு சொல்ற இல்ல, அது இருக்குது. வெட்டிடட்டுமா?" என்று பாய் கேட்டார்.

"காட்டறதுன்னா முழுசாக் காட்டுங்க. பாதிதான்னா நீங்க போவவே வேணாம்."

பாய் என் வண்டியின் பின்னால் உட்கார்ந்து வந்தார். பொம்மையார்பாளையத்துக்கு அருகில் வந்ததும், "பாதி கேட்டா, கேக்காத மாதிரிதான் ரிப்போர்ட்டரே" என்றார். அவருக்கே சொல்லிக்கொண்டது போல இருந்தது.

மாப்பிள்ளையின் தாய் பச்சையம்மாள் ஆரோவில்லில் ஒரு விருந்தினர் விடுதியில் சமையல் வேலை செய்பவர். கணவர் இல்லை. மாப்பிள்ளை வெல்டிங் பட்டறைக்குப் போகிறவர். நாங்கள் போனபோது தாயும் மகனும் அந்தத் தாய்மாமனும் இருந்தார்கள். தாய்மாமன் உட்காரச் சொல்லாமலேயே ஆரம்பித்தார். "நான் என் கண்ணால பாத்தேன். கைய கோத்துக்கினு, இடுப்ப ஆட்டிக்கினு, என்னா சிரிப்பு."

"நீ டீக்கடையில நின்னு எத்தனை தபா பாத்த?" என்று பச்சையம்மாள் கேட்டார். மாமன் நகர்ந்து எங்களுக்கு உட்கார இடம் விட்டார்.

பாய் கேமராவின் ஒயரை அவர்கள் டிவியில் செருகினார். பாட்டு இல்லாமல் படம் ஓடியது. சேற்றில் கால் விழும் சத்தம், காற்று, தூரத்தில் தண்ணீர் இறைக்கும் எஞ்சின். மேஸ்திரி, "குதிகால அழுத்துங்கம்மா, வரப்பு வரைக்கும் போங்க" என்கிறார். ஒரு பெண், "நீ வந்து ஒரு நடை மிதிச்சுட்டுப் போயேன் மேஸ்திரி" என்கிறார். போகிறார்கள், திரும்புகிறார்கள், மறுபடியும் போகிறார்கள். யாரும் சிரிக்கவில்லை. மாப்பிள்ளை முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார்.

பிறகு செல்வியின் குரல் கேட்டது. "ஏய், பாய் பின்னாடியே போறாரு பாரு. வாய்க்கா இருக்குது. சொல்லாதீங்க."

வரிசை முழுவதும் உதட்டைக் கடித்துக்கொண்டு மிதித்தது. செல்வி சிரித்துவிட்டார். அடுத்த கணம் திரையில் வானம் வந்தது, பிறகு தண்ணீர், பிறகு பாயின் குரலில் அல்லாவின் பெயர். பாட்டோடு பார்த்தபோது எல்லோரையும் மயக்கிய அந்தச் சிரிப்பு இதற்குத்தான்.

மாமனே முதலில் சிரித்தார். சிரித்துவிட்டு, "பாத்தியா, பெரிய மனுஷன் வுழறாரு, சொல்லாதீங்கன்னு சொல்லுது" என்றார்.

"நீகூடத்தான் இப்ப சிரிச்ச" என்றார் பச்சையம்மாள். பிறகு பாயைப் பார்த்து, "அடி பட்டுதா?" என்று கேட்டார்.

"மானத்துல மட்டும்தாம்மா."

பச்சையம்மாள் டேப்பை மறுபடியும் போடச் சொன்னார். இரண்டாவது முறை அவர் முகங்களைப் பார்க்கவில்லை, கால்களையே பார்த்தார். அந்தப் பாட்டு அவர் வேலை செய்யும் விடுதிக்கும் வந்திருந்தது. அங்கே தங்கியிருந்த ஒரு ஸ்பெயின் நாட்டு அம்மாவிடம் அர்த்தம் கேட்டாராம். அந்த அம்மா பாதி தமிழிலும் பாதி சைகையிலும் சொன்னதை எங்களுக்குச் சொன்னார். "ஆட வான்னு அவன் கூப்புடறானாம். கால் வலிக்குது, நான் உக்காரணும்னு இவ சொல்றாளாம். பாட்டு பூரா அதானாம். அவன் வுட மாட்டேன்றான்."

பிறகு பச்சையம்மாள், "ஆட்டமோ வேலையோ, எனக்கு அது பெருசு இல்ல. யாருமே இன்னதுன்னு சொல்லலன்றதுதான் கஷ்டமா இருந்துது. பொண்ணு வாய் கொஞ்சம் நீளம்தான். எங்க வூட்டுல அது இருந்தா நல்லதுதான்" என்றார். மகன் எழுந்து உள்ளே போனார். எங்களுக்குக் காபி எடுத்துவந்து கொடுத்தார். வைகாசியில் கல்யாணம் நடந்தது.

பாய் அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை. வெட்டாத டேப்பை ஒரு மாலை முழுவதுமாகச் சேனலில் ஓட்டினார், அவர் வாய்க்காலில் விழுந்தது உட்பட. அதற்கு முன் ஏழு பெண்களிடமும், என்ன போடப் போகிறேன், எப்போது போடப் போகிறேன் என்று வீடு வீடாகச் சொல்லிவிட்டுத்தான் போட்டார். அன்று வந்த அழைப்புகளில் பாதி, "பாய், வுழுந்தத இன்னொரு தபா போடு" என்பதுதான். பாட்டோடு சேர்ந்த படத்தை ஏழு பேரும் சரி என்றால்தான் போடுவேன் என்று அறிவித்தார். ஆறு பேர் சரி என்றார்கள். செல்வி, யோசித்துச் சொல்கிறேன் என்றார்.

கல்யாணத்துக்கு பாயும் நானும் போயிருந்தோம். பந்தி முடிந்ததும் மாப்பிள்ளையின் நண்பர்கள் மைக்செட்காரரைச் சூழ்ந்துகொண்டு அந்தப் பாட்டைப் போடச் சொன்னார்கள். அவர் பாயைப் பார்த்தார். பாய் மணமேடையைப் பார்த்தார். செல்வி தலையை இல்லை என்று அசைத்தார். பாய் போய் மைக்செட்காரரின் காதில் ஏதோ சொன்னார். வேறு பாட்டு வந்தது. நண்பர்கள் கொஞ்சம் முணுமுணுத்துவிட்டு அதற்கும் ஆடினார்கள். "போட்டிருந்தா என்ன பாய், கல்யாணம்தான் முடிஞ்சுடுச்சே" என்று நான் கேட்டேன். "கல்யாணத்துக்காகவா கேட்டேன்? அது காலு, அது சிரிப்பு. அது சொல்லட்டும்" என்றார். அதற்குப் பிறகு அவர் செல்வியிடம் நினைவுபடுத்தவும் இல்லை. விருப்பப் பாட்டில் யார் கேட்டாலும், "இன்னும் பர்மிஷன் வரலைங்க, வேற கேளுங்க" என்பார். அவர் குரலில் குறை இருக்காது.

அவரை அறிந்த உங்களில் பலரிடம் அவரைப் பற்றி வேறு கதைகள் இருக்கும். மழை நாளில் கம்பம் ஏறியது, உங்கள் வீட்டு இணைப்பை மறந்துபோனது, உங்களோடு சண்டை போட்டது. என்னிடம் இருப்பது இதுதான். முப்பது வருடமாகச் செய்தி எழுதுகிறேன். ஒருவரைப் படமெடுக்கும்போதும் பேட்டி எடுக்கும்போதும் பெயர், ஊர், வயது கேட்பேன். இது எங்கே வரும், எதனோடு சேர்ந்து வரும் என்பதை அவர்களுக்குச் சொல்வது, பாயோடு பொம்மையார்பாளையம் போய்வந்த பிறகு வந்த பழக்கம். சிலர் அதைக் கேட்டுவிட்டு வேண்டாம் என்கிறார்கள். செய்தி போய்விடுகிறது. பழக்கம் இருக்கிறது.

சேனலை ரஃபி தொடர்ந்து நடத்துகிறார். பாயின் நினைவாக அந்தப் பாட்டை ஒருமுறையாவது படத்தோடு போடும்படி அவருக்கு நிறைய அழைப்புகள் வருகின்றன. மாமனார் வைத்த விதியை மாற்ற அவர் தயாராக இல்லை. செல்வி இப்போது ஆரோவில்லில் ஒரு ஊதுவத்திப் பட்டறையில் வேலை செய்கிறார். வெள்ளிக்கிழமை கோட்டக்குப்பம் வீட்டுக்குத் துக்கம் கேட்க மாமியாரோடு வந்திருந்தார். பாட்டோடு படத்தைப் போடலாமா என்று வாசலில் வைத்து நானே கேட்டேன். "பாய் இருந்தப்ப என்னை ஒரு தபாகூட அவசரப்படுத்தல சார்" என்றார். பொங்கலுக்கு மரக்காணத்துக்கு அம்மா வீட்டுக்கு வருவாராம், அப்போது சொல்வாராம்.