சாட்சி பிஸ்டன்

என் அக்கா வீட்டுக்குப் போகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: அங்கே இரண்டு அடுப்படி உண்டு. முன்பக்கத்தில் சோறு வேகும், பின்பக்கத்தில் பிஸ்டன் வேகும். பின்பக்க மின்சார அடுப்பின் கதவில் ‘சாப்பாடு வைக்காதே’ என்று சிவப்புப் பெயின்டில் எழுதியிருக்கும். ஒருமுறை பசி பொறுக்காமல் நான் அதற்குள் ரொட்டியை வைத்ததால் வந்த எழுத்து அது.

அக்கா பத்தொன்பது வருடம் ஒரு பம்பு தொழிற்சாலையில் அளவு பார்க்கும் வேலை செய்தவள். தொழிற்சாலையை இழுத்து மூடியபோது மற்றவர்கள் வாசலில் நின்று அழுதார்கள். அக்கா பூச்சுப் பிரிவில் இருந்த சின்ன ஸ்ப்ரே கன்னையும் கனம் அளக்கும் மைக்ரோமீட்டரையும் விலை பேசி வாங்கிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தாள். பின்பக்கக் குளியலறை பட்டறை ஆனது. எண்ணெய் சரியாக எட்டாத நேரத்திலும் பிஸ்டன் சிலிண்டரோடு உரசித் தேயாமலிருக்க, அதன் பக்கங்களில் ஒரு கறுப்புப் பூச்சு பூசுவார்கள். எண்ணெய்ப்பசை இல்லாமலே வழுக்கும் பூச்சு. அதன் கனம் தலைமயிரில் கால்வாசிகூட வராது. அதிலும் கூடக் குறைய இருந்தால் அக்கா விடமாட்டாள். மெக்கானிக்குகள் அவளுக்கு வைத்த பெயர் மைக்ரான் அக்கா; மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு.

வேலையில் பூசுவது ஐந்து நிமிடம், கழுவுவது அரை நாள். தின்னரில் கழுவி, பொடி மணல் அடித்துச் சொரசொரப்பாக்கி, சோப்பு வெந்நீரில் பிரஷ் போட்டுத் தேய்த்து, உலர்த்தி, கடைசியாகச் சுத்தமான துணியால் ஒரு துடைப்பு. அதற்கப்புறம் வெறும் விரல் பட்டால் போச்சு, அந்தப் பிசுக்கில் பூச்சு ஒட்டாது, மறுபடி முதலிலிருந்து. பூசியதை அடுப்பில் ஒரு மணி நேரம் வேகவைப்பாள். ஒவ்வொரு தடவையும் வாடிக்கையாளரின் பிஸ்டன்களோடு ஒரு பழைய ஓட்டை பிஸ்டனையும் சேர்த்துப் பூசுவாள். அதற்குச் சாட்சி பிஸ்டன் என்று பெயர். ஆறியதும் அதன்மேல் டேப்பை ஒட்டி வெடுக்கென்று இழுப்பாள். டேப் வெள்ளையாக வந்தால்தான் சரக்கு வெளியே போகும்.

மாமா, அதாவது அக்காவின் வீட்டுக்காரர், லாரி ஓட்டியவர். இதய ஆபரேஷனுக்குப் பிறகு கனமான எதையும் தூக்கக் கூடாது என்றுவிட்டார்கள். ஆறு மாதம் ஜன்னலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். பிறகு தானாகவே, பட்டறைத் துணி உட்பட, துணி துவைக்கும் வேலையை எடுத்துக்கொண்டார். மெஷின்தான் துவைக்கிறது என்றாலும், காயப்போட்டு மடித்து அடுக்குவதில் மனுஷனுக்கு அப்படி ஒரு பெருமை. அவருக்கென்று வீட்டில் இருந்த வேலை அது ஒன்றுதான். அதனால் மடிப்பைப் பற்றி யாரும் குறை சொல்வதில்லை.

போன மாதம் ஒரு வியாழக்கிழமை நான் அங்கே இருந்தேன். மூலைக்கடை மெக்கானிக் காலையிலேயே வந்து காலில் வெந்நீர் ஊற்றிக்கொண்டவன்போல் நின்றான். ஸ்கூல் வேன் ஒன்றின் நான்கு பிஸ்டன்கள் அப்போதுதான் அடுப்பிலிருந்து வந்து ஆறியிருந்தன.

“அக்கா, வேன்காரர் என் உயிர வாங்கறாரு. குடுங்கக்கா, இப்பவே மாட்டணும்.”

“சாட்சியைப் பாத்துட்டுத் தரேன். அது பெரிய பிஸ்டன், இன்னும் சூடா இருக்கு.”

“உங்க வேலைக்குச் சாட்சி வேறயா?”

புகழ்ச்சிக்கு மயங்காதவர் யார்? அளவு பார்த்து அவளே பொட்டலம் கட்டிக் கொடுத்துவிட்டாள்.

மதியம் சாப்பிட்டுவிட்டு, பழக்கதோஷத்தில் சாட்சியின்மேல் டேப்பை ஒட்டி இழுத்தாள். டேப் கறுப்பாக வந்தது. கூடவே பூச்சு தோல் தோலாக உரிந்தது. அக்காவின் முகத்தில் ஈயாடவில்லை. எஞ்சின் ஓடும்போது அந்தத் தோல் எண்ணெயோடு போய் வழியை அடைக்கும். எண்ணெய் எட்டாத எஞ்சின் நடுரோட்டில் இறுகி நின்றுவிடும். உள்ளே பிள்ளைகள் உட்கார்ந்திருப்பார்கள்.

மெக்கானிக்குக்குப் போன் அடித்தாள். எடுக்கவில்லை. அடுத்து, துடைத்த துணியை எடுத்து மூக்கில் வைத்தாள். கம்மென்று பூ வாசனை.

“என்னங்க, துணிக்கு என்ன போடுறீங்க?”

மாமா மலர்ந்த முகத்தோடு ஒரு நீலப் பாட்டிலைத் தூக்கிக் காட்டினார். “நேத்துதான் வாங்கினேன். கடைசி அலசல்ல ஒரு மூடி. எப்படி மெத்துனு இருக்கு பாரு! உன் கைக்கு இதமா இருக்கட்டும்னுதான்.”

துணியை மெத்தென்று ஆக்குவது அதிலிருக்கும் கொழுப்பு. அந்தக் கொழுப்பைத்தான் அக்கா ஐந்து பிஸ்டன்கள்மேலும் பாசத்தோடு தடவியிருக்கிறாள். அவள் இதைச் சொன்னதும் மாமா பாட்டிலோடு அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

மெக்கானிக்கின் பட்டறைக்கு மூவருமாக ஆட்டோவில் போனோம். மாமாவை வர வேண்டாம் என்று சொல்லியும் அவர் கேட்கவில்லை. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது எஞ்சின் மூடியாகியிருந்தது. மெக்கானிக் எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தான்.

“ஸ்டார்ட் பண்ணாத. பூச்சு உரியுது. எல்லாத்தையும் கழட்டு.”

அவன் டப்பாவைத் தரையில் வைத்தான். “காலைலேருந்து முதுகு ஒடிய மாட்டினது, அக்கா! வெளையாடறீங்களா?”

“கழட்டு. உரியலன்னா அப்புறம் திட்டு.”

முணுமுணுத்துக்கொண்டே கழற்றினான். முதல் பிஸ்டன் வெளியே வந்ததும் அக்கா டேப்பை அவன் கையிலேயே கொடுத்தாள். ஒட்டி இழுத்தான். கறுப்பு. அடுத்ததும் கறுப்பு. பட்டறையில் டயர் மாற்ற வந்தவர்கள்கூட எட்டிப் பார்த்தார்கள்.

“எதனாலக்கா இப்படி?”

மாமா வாயைத் திறந்தார். அக்கா முந்திக்கொண்டாள். “நான் சரியாத் துடைக்கல. சாட்சியையும் பாக்காம குடுத்துட்டேன். என் வேலை சுத்தமில்ல.”

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. பத்தொன்பது வருடம் அடுத்தவர் வேலையில் குற்றம் கண்டுபிடித்தவள், நாலு பேர் நடுவில் தன் பெயரைத் தானே கெடுத்துக்கொண்டு நிற்கிறாள். சாயங்காலத்துக்குள் இது எல்லாப் பட்டறைக்கும் போய்விடும். போகவும் செய்தது. அந்த மாதம் இரண்டு மெக்கானிக்குகள் வேறு ஆளைத் தேடிக்கொண்டார்கள். மூலைக்கடைக்காரன் மட்டும், “மறுபடி பூசிக் குடுங்க. ஆனா இந்தத் தடவ டேப்ப நான்தான் இழுப்பேன்,” என்று நான்கையும் திருப்பிக் கொடுத்தான்.

திரும்பும் வழியில் மாமா அக்காவிடம் கேட்டார். “நான்தான்னு சொல்லியிருக்கலாமேம்மா. எதுக்கு உன் பேரக் கெடுத்துக்கிட்ட?”

“சொன்னா அவன் உங்களத் திட்டுவான்,” என்றாள் அக்கா, மடியிலிருந்த பிஸ்டன்களைச் சரிசெய்தபடி. “உங்களத் திட்ட வீட்டுல நான் ஒருத்தி போதும்.”