சொல்லாமல் வைத்திருந்த விண்ணப்பம்

என்னோடு சேர்ந்து ஜெபிக்கிற அன்பானவர்களே, போன வருஷம் மாரி தொடங்க முன் என் இடது மார்பில் ஒரு கட்டி தட்டுப்பட்டது. என் புருஷனிடம்கூடச் சொல்லவில்லை.

நான் பெரிய சந்தேகக்காரி. கல்முனைச் சந்தையில் மீன் வாங்கினால் செவுளைத் திறந்து பார்த்த பிறகும் மணந்து பார்ப்பேன். பாண்டிருப்பில் ஒரு வீட்டில் நடக்கும் எங்கள் ஜெபக்கூட்டத்திலும் அப்படித்தான். ஒவ்வொருவராக விண்ணப்பம் சொல்லுவோம். என் முறை வந்தால், "சொல்லப்படாத விண்ணப்பம் ஒன்று உண்டு" என்று தலையைக் குனிந்துகொள்வேன். வாயைத் திறந்தால் விடிவதற்குள் ஊரெல்லாம் பரவிவிடும் என்று பயம். முக்கியமாக, கூட்டத்துக்கு வருகிற ரஜனி அக்காவை நம்பவே மாட்டேன். அவ என்னைப் பார்க்கிறாவோ என்று ஒரு கண்ணைத் திறந்துகொண்டே ஜெபித்திருக்கிறேன்.

கட்டி பெருத்தது. வாய் மட்டும் "ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம்" என்றது. ஒரு புதன்கிழமை தேங்காய் திருவிக்கொண்டிருந்தபோது கை அப்படியே நின்றுவிட்டது. "ஆண்டவரே, எனக்கு உம்மிலும் சந்தேகம். என்னைச் சாக விட்டுவிடுவீரோ?" என்று கத்தி அழுதேன். ஆமென்கூடச் சொல்லவில்லை. நான் உண்மையாகச் செய்த முதல் ஜெபம் அதுதான்.

அன்று பின்னேரக் கூட்டத்தில், "எனக்கு மார்பில கட்டி" என்று சொல்லிவிட்டேன்.

ரஜனி அக்கா பதறிப்போனா. "ஐயோ புள்ள! உன்ட புருஷன் குடிக்கிறாராக்கும் எண்டு நினைச்சி, அவருக்காகத்தானே நாங்க உபவாசம் இருந்து ஜெபிச்ச!"

"ஆர் சொன்ன அப்படி?"

"ஒருத்தரும் சொல்லல்ல. நீ ஒண்டும் சொல்லாததால நாங்களா நினைச்ச."

என் மனுஷன் பியர் போத்தலைக்கூடத் தொடாதவர். அப்போ, என்னைப் பற்றிக் கதைத்துத்தான் இருக்கிறார்கள். நான் சந்தேகப்பட்டது சரி. ஆனால் எனக்காகப் பட்டினியும் கிடந்திருக்கிறார்கள். அது என் புத்திக்கு எட்டவே இல்லை.

வீட்டுக்கு வந்து புருஷனிடம் சொன்னேன். அவர் சின்னப்பிள்ளை மாதிரி அழுதார். மறுநாள் விடியவே அக்கா ஓட்டோவோடு வாசலில் நின்றா. கிளினிக்கில் என் கையை விடவே இல்லை. புற்றுநோய்தான். இன்னும் பிந்தியிருந்தால் கஷ்டம் என்று டொக்டர் சொன்னார். ஒப்பரேஷனும் மருந்தும் முடிந்து, இப்போது என் தலையில் முடி வளர்கிறது. கர்த்தருக்குக் கோடி நன்றி.

என் சந்தேகக் குணம் முற்றாகப் போகவில்லை. ஆனால் இப்போது அதை முதலில் அவரிடமே சொல்லிவிடுகிறேன். விசுவாசம் வந்த பிறகு ஜெபிக்கலாம் என்று நீங்களும் காத்திருக்காதீர்கள். நான் நம்பாமல்தான் அவரைக் கூப்பிட்டேன். அவர் வந்தார்.