கப்பலேறி வந்தவருக்கு மோர்

இன்று கல்யாண வீட்டில் மைக் கைக்கு வந்தால் பந்தி முடியும்வரை விடமாட்டேன். ஆனால் நான் முதன்முதலாக நாலு பேர் முன்னால் பாடியது ஒரு சர்வாதிகாரியின் பாட்டை. தெரியாமல்தான். தெரிந்ததும் பஞ்சுப் பொதிக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டேன்.

தொண்ணூறுகளின் தொடக்கம். சிங்காநல்லூரில் ஒரு மில்லில் அப்பா ஃபிட்டர். அவர் தங்கை, என் அத்தை, அதே மில்லில் நூல் சுற்றும் கோன் வைண்டிங்கில் வேலை. வீட்டில் ஒரு பழைய இசைத்தட்டு இருந்தது. அப்பாவின் சித்தப்பா பட்டாளத்தில் இருந்தபோது, உலகப் போரில் ஆப்பிரிக்காவில் தோற்றோடிய இத்தாலிக்காரர்களின் கூடாரத்திலிருந்து எடுத்துவந்தது. அர்த்தம் ஒருவருக்கும் தெரியாது, மெட்டு மட்டும் அப்படியொரு துள்ளல். அத்தை அதைப் போட்டுவிட்டுத்தான் வீடு கூட்டுவாள். கேட்டுக் கேட்டு எனக்கு மனப்பாடம்.

அந்த வாரம் வீட்டில் எல்லோருக்கும் வாயெல்லாம் பல். தாராபுரத்துக்காரர்கள் அத்தையைப் பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். பெண் கறுப்புதான், இருந்தாலும் நாங்கள் வாழ்க்கை கொடுக்கிறோம் என்று சொல்லியனுப்பினார்கள். வெள்ளிக்கிழமை உறுதி செய்ய வருவதாக ஏற்பாடு. அத்தையை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இதற்கு நடுவில் மில்லுக்குப் புது இயந்திரம் வந்து, அதைப் பூட்டிக்கொடுக்க இத்தாலியிலிருந்து ஒரு நரைத்த இன்ஜினியரும் வந்திருந்தார். இயந்திரத்துக்குப் பூசை போட்ட நாளன்று அவர் மனதைக் குளிர்விக்க அப்பாவுக்கு ஒரு யோசனை தோன்றியது: பையனை அவர்கள் ஊர்ப் பாட்டே பாடவைப்பது. பூசணிக்காய் உடைத்த கையோடு என்னை ஸ்டூலில் ஏற்றிவிட்டார்கள்.

நான் பாடப் பாட அவர் முகம் வெளுத்தது. கையை உயர்த்தி நிறுத்தச் சொன்னார். அவர் இங்கிலீஷில் சொன்னதை மில்லின் சின்ன இன்ஜினியர் தயங்கித் தயங்கித் தமிழாக்கினார். கறுத்த பெண்ணே, அழாதே, கப்பலேறி வருகிறோம், உனக்கு நல்ல வாழ்க்கை கொடுக்கிறோம் என்று அர்த்தமாம். ஒரு நாட்டைப் பிடிக்கப்போன சிப்பாய்கள் பாடியது. போன இடத்தில் ஊர்களைக் கொளுத்தினார்களாம். அவர்களை அனுப்பிய சர்வாதிகாரியின் காலத்தில் பள்ளிக்கூடத்தில் இவரையும் என் வயதில் வரிசையாக நிற்கவைத்துப் பாடவைத்தார்களாம்.

கொளுத்தினார்கள் என்ற சொல் காதில் விழுந்ததுமே நான் ஸ்டூலில் இல்லை. போலீஸ், ஜெயில், அப்பாவுக்கு வேலை போவது எல்லாவற்றையும் பஞ்சுப் பொதிக்குப் பின்னால் வரிசையாகப் பார்த்து முடித்துவிட்டேன். டவுசர் நனையாதது சாமி புண்ணியம்.

அப்போதுதான் அத்தையின் குரல் கேட்டது. "ஏனுங்க, அதுக்கு அந்தப் புள்ள என்ன சொன்னாளாமுங்க?"

அவளுக்குப் பாட்டில் வரியே இல்லை என்றார் இத்தாலிக்காரர்.

எங்கள் பக்கத்துக் கல்யாணங்களில் மாப்பிள்ளை வீட்டார் பெருமையடித்துக் கும்மி பாடினால், பெண் வீட்டார் அதே மெட்டில் கேலியாகப் பதில் பாடியாக வேண்டும். பதில் வராவிட்டால் சொன்னதையெல்லாம் ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும்.

"அதெப்படிங்க உடறது?" என்றாள் அத்தை. என் காதைப் பிடித்து வெளியே இழுத்தாள். "நீதான் கண்ணு மாப்பிள்ளை ஊட்டுக்காரன். பாடு."

பாடினேன். ஆடு கத்துவதுபோல் இருந்ததாம். வைண்டிங் பெண்கள் வட்டம் கட்டிவிட்டார்கள். அத்தை எடுத்துக்கொடுத்தாள்.

"கப்பலேறி வந்தவரே, காலாற உக்காருங்க,
மோரு தாரோம், குடிச்சுப்போட்டு வந்த வழி போயிருங்க.
எங்க பொழப்பு எங்ககிட்டப் பத்திரமா இருக்குதுங்க."

நான் ஒவ்வொரு முறை கப்பலில் வர வர, அவர்கள் மோர் கொடுத்துத் திருப்பியனுப்பிக்கொண்டே இருந்தார்கள். இத்தாலிக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டு பெண்கள் பக்கம் போய் நின்று கை தட்டினார். என் சுருதியைத் தாங்க முடியாமல்தான் அழுகிறார் என்று எனக்குப் பட்டது.

வீட்டுக்குத் திரும்பும்போது அத்தை அப்பாவிடம் சொன்னாள். "தாராபுரத்துக்காரங்களை வர வேண்டாம்னு சொல்லிப்போடுங்ணா."

அப்பா சத்தம் போட்டார், கெஞ்சினார். அவள் அசையவில்லை. ஆடு கத்திய சேதி தாராபுரம்வரை போயிருக்கும், அந்த அவமானத்தில்தான் கல்யாணம் நிற்கிறது என்று முடிவுசெய்து தேம்பினேன். என் பாட்டால்தானே அத்தை என்று கேட்டேன்.

"ஆமா கண்ணு, உன்ற பாட்டாலதான்" என்று சொல்லி, கடையில் நிறுத்தி எனக்குத் தேங்காய் பன் வாங்கிக்கொடுத்தாள்.

அவள் என்னை மன்னித்துவிட்டாள் என்றுதான் நெடுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.