ஆடு தின்ற மறைவிடம்

மரங்கொத்தி மரத்தின் எந்தப் பக்கம் வந்து உட்காரும்? போன சித்திரையில் இதை அரும்பாவூர் தேவயானியிடம் கேட்டிருந்தால், கழுத்தில் தொங்கும் இஞ்சு டேப்பைப் பிடித்துக்கொண்டு முழித்திருப்பார். எங்கள் தெருவில் யாருக்குமே அப்போது பதில் தெரியாது.

தேவயானிக்குத் தையல் வேலை. வீட்டின் முன்அறைதான் கடை. ஜன்னலுக்கு நேரே பக்கத்துக் காட்டுக்காரர் வீரமுத்துவின் தென்னை. இடி விழுந்து, தலை போய், வெறும் கம்பமாக நின்றது. அதிலிருந்த பொந்துக்குச் சிவப்புக் கொண்டையும் பொன்னிற முதுகுமாக ஒரு மரங்கொத்தி ஜோடி வந்து போவதைப் பார்த்த நாளிலிருந்து தேவயானிக்குத் துணியில் கண் நிற்கவில்லை. ஒரு கல்யாணப் பெண்ணின் ஜாக்கெட்டுக்கு இரண்டு கையையும் இடது கையாகவே தைத்துவிட்டார்.

திங்கட்கிழமை வீரமுத்து வந்து சொன்னார்: "வெள்ளிக்கெழம மெஷின் ரம்பம் வருதும்மா. ஆடிக் காத்துல இந்த மரம் சாஞ்சா என் ஆட்டுக் கொட்டாய் காலி."

தேவயானி துணியைப் போட்டுவிட்டு எழுந்தார். "மாமா, உள்ள குஞ்சு கத்துதுங்க. இருவது நாள் பொறுங்க, பறந்துரும்."

"காஞ்ச மரத்துல குஞ்சா? போன மாசம் ஓணான் ஓடுனதுக்கே பாம்புன்னு தெருவக் கூட்டுன ஆளு நீ. போட்டோவக் காட்டு, நம்புறேன்."

செவ்வாய்க்கிழமை தேவயானி செல்போனில் அறுபத்து நான்கு படம் எடுத்தார். அறுபத்து நான்கிலும் தென்னைதான் இருந்தது. அவரைக் கண்டதும் பறவை மரத்தின் பின்பக்கம் நழுவியது. அவர் பின்னால் போனால் அது முன்னால் வந்தது. விடாமல் சுற்றினார்.

கயிற்றுக் கட்டிலில் படுத்திருந்த வீரமுத்து குரல் கொடுத்தார்: "ஏம்மா, தென்னைக்கு வேண்டுதலா? இன்னும் எத்தன சுத்து பாக்கி?"

ஒளிந்திருந்துதான் எடுக்க வேண்டும் என்று புரிந்தது. புதன்கிழமை சாயங்காலம் தென்னைக்கு எதிரே நான்கு குச்சி நட்டு, சுற்றிலும் மேலேயும் மக்காச்சோளத் தட்டையை, கதிர் ஒடித்த தண்டுகளை, வைத்துக் கட்டினார். வீட்டில் காய்ந்த தட்டையும் கிடந்தது. ஆனால் தையல்காரர் இல்லையா, தன் பச்சைச் சேலைக்கு நிறம் ஒத்துப்போக வேண்டும் என்று அப்போதுதான் அறுத்து வந்த பச்சைத் தட்டையாகப் பார்த்துப் பார்த்துக் கட்டினார். தப்பு அங்கேதான் நடந்தது.

வியாழக்கிழமை காலை உள்ளே போய்க் குத்தவைத்தார். பத்து நிமிடம் பறவை வரவில்லை. கொட்டகையிலிருந்து திறந்துவிட்ட மூன்று வெள்ளாடுகள் வந்தன. சித்திரை வெயிலில் புல் முளைக்காத காட்டில் பச்சைத் தட்டையைக் கண்டால் ஆடு சும்மா போகுமா? ஒரு பக்கச் சுவர் போயிற்று. பிறகு கூரை. விரட்டினால் பறவை ஓடிவிடுமே என்று தேவயானி வாயைத் திறக்கவில்லை. கிடா அவருடைய முந்தானையையும் ருசி பார்க்கத் தொடங்கியது.

கடைசித் தட்டையும் போய் அவர் வெட்டவெளியில் உட்கார்ந்திருந்தபோது மரங்கொத்தி வந்தது. தினமும் பார்க்கிற ஆடுகள்தானே! அவற்றின் நடுவே குனிந்திருந்தவரையும் அது ஓர் ஆடாகவே எண்ணியிருக்க வேண்டும். நேராக முன்பக்கமே வந்து உட்கார்ந்தது. பொந்திலிருந்து இரண்டு சின்னத் தலைகள் எட்டிப் பார்த்து வாயைப் பிளந்தன.

அதே நேரம் கோலோடு ஓடிவந்தார் வீரமுத்து. "எவ அது, என் ஆட்டுக்குத் தீனி காட்டி மடக்குறது..."

தேவயானி ஒரு கையை உயர்த்தினார். ஓங்கிய கோல் ஓங்கியபடியே நிற்க, வீரமுத்துவும் மேலே பார்த்தார். செல்போன் 'கிளிக்' என்றது.

பறவை போன பிறகு வீரமுத்து படத்தை வாங்கி வெகுநேரம் பார்த்தார். பாதிப் படத்தை ஆட்டுக் காது அடைத்திருந்தது. மீதியில் இரண்டு குஞ்சும் தெளிவாக இருந்தன.

"போட்டோவுல என் கெடா நல்லா விழுந்திருக்கும்மா" என்றார்.

"மாமா, குஞ்சப் பாருங்க!"

"அதான் நேர்லயே பாத்துட்டனே." அங்கேயே நின்று ரம்பக்காரருக்குப் போன் போட்டார். "தம்பி, நாளைக்கு வராத. மரத்துல குடியிருக்காங்க. காலி பண்ண இருவது நாள் ஆவுமாம்." பிறகு தேவயானியிடம் திரும்பினார். "ஆடு தட்டைக்குப் பழகிருச்சு. இருவது நாளும் நீதான் போடணும்."

போட்டார். பதினெட்டாம் நாள் பொந்து காலியானது. படம் இப்போது தையல்கடைச் சுவரில் தொங்குகிறது. அளவு கொடுக்க வருகிறவர்கள் யாருடைய ஆடு என்றுதான் முதலில் கேட்கிறார்கள்.

மரங்கொத்தி எந்தப் பக்கம் உட்காரும் என்று உங்களை யாராவது கேட்டால், ஆடு மேய்கிற பக்கம் என்று சொல்லுங்கள். உங்களுக்குத் தெரிந்த யாராவது பட்ட மரம் வெட்ட நாள் குறித்திருந்தால், ரம்பம் வருவதற்கு முன்னால் இந்தக் கதையை அவர் காதில் போட்டுவிடுங்கள்.