சுண்டைக்காய்ப் பொடிக்குத் திட்டு வாங்கியவர்

"அம்மா மௌத்தாயிட்டாங்க" என்று ஹமீதாவின் மகள் போனில் சொன்னபோது மன்னார்குடி பஸ்ஸில் இருந்தேன். எப்படி இறந்தார் என்று கேட்கக்கூடத் தோன்றவில்லை. இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டி எங்கோ போய் இறங்கினேன்.

எங்கள் கல்லூரியில் ஹமீதா தாவரவியல் நடத்தினார், நான் தமிழ். வாய்க்கால் கரையில் குடைப்பிடியால் காட்டுச் சுண்டைக் கிளையை வளைத்து, முள் குத்திய விரலைச் சூப்பிக்கொண்டே காய்களைப் புரட்டிப் பார்க்கும் அவரை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். "இந்தக் கசப்பு நமக்கு மருந்தாகவா இருக்கு? பூச்சி திங்காம இருக்கத்தாங்க. நடுவுல நாம புகுந்துட்டோம்" என்பார்.

எனக்குச் சர்க்கரை நோய். சுண்டை வற்றல் பொடி அதை விரட்டிவிடும் என்று என் நாத்தனார் சொன்னாள். மாத்திரையோடு அதையும் தினமும் இரண்டு ஸ்பூன் விழுங்கிவந்தேன். டாக்டரிடம் மூச்சு விடவில்லை. ஒரு கிருத்திகையன்று விரதம் வேறு. இரண்டாம் பீரியடில் கண் இருட்டி, கரும்பலகையைப் பிடித்தபடியே சரிந்து உட்கார்ந்துவிட்டேன்.

ஓடிவந்து சர்க்கரைத் தண்ணீர் குடிக்க வைத்தவர் ஹமீதா. தெளிந்ததும் என்ன தின்றேன், எப்போது, எவ்வளவு என்று துருவித் துருவிக் கேட்டார். உண்மையைக் கக்கினேன்.

"மாத்திரை, பொடி, பட்டினி மூணும் சேர்ந்திருக்கு. எது எவ்வளவு செஞ்சுதுன்னு எனக்குத் தெரியாது. குழம்புல போட்டா அது காய். மாத்திரைக்குப் பக்கத்துல வெச்சா மருந்து. மருந்துன்னா டாக்டருக்குத் தெரியணும்ங்க."

அன்று மாலையே என்னை டாக்டரிடம் இழுத்துப் போனார். பொடி டப்பா அவர் கையில் இருந்தது. டாக்டரம்மா அதைப் பார்த்ததும் அவர்மேல்தான் பாய்ந்தார். "பாட்டனி படிச்சவங்கதானே? சர்க்கரை நோயாளிக்குக் கண்டதையும் கொடுக்கலாமா? உயிர் போயிருந்தா?"

நான் வாய் திறப்பதற்குள் ஹமீதா என் கையை அழுத்தினார். "தப்புதாங்க டாக்டர்."

வெளியே வந்து சண்டை போட்டேன். சிரித்தார். "உங்களைத் திட்டியிருந்தா அடுத்த தடவை மறைச்சிருப்பீங்க. எனக்கென்ன, சர்க்கரையா இருக்கு?"

அதன்பின் டாக்டரிடம் நான் எதையும் மறைத்ததில்லை, அந்த ஒன்றைத் தவிர. ஒவ்வொரு முறையும் அவர் ஹமீதாவைக் கேலி செய்வார். நானும் வெட்கமில்லாமல் கூடச் சிரித்துவிட்டு வருவேன்.

போன வாரமும் கேட்டார். "உங்க ஃப்ரெண்ட் இப்ப எந்த இலையைக் கொடுக்குறாங்க?"

"அவங்க தவறிட்டாங்க டாக்டர். அந்தப் பொடியை அவங்க கொடுக்கல. நானாத்தான் தின்னேன்."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். திட்டுவார் என்று காத்துக்கொண்டிருந்தேன். எனக்குப் பதிலாக ஹமீதா வாங்கிய அந்தத் திட்டு ஒன்றுதான் அவரிடமிருந்து நான் வாங்கிக்கொள்ள வேண்டியிருந்தது.