கண்ணாடிக்கடை அக்காவின் லாரி

கம்ப்யூட்டரைத் தொடுவதற்கு முன்னால் அக்கா திரையில் ஹா என்று ஊதி, லென்ஸ் துடைக்கும் துணியால் மூலை மூலையாகத் துடைக்கிறார். பிறகு தன் மூக்குக்கண்ணாடியையும் துடைத்து மாட்டிக்கொண்டு, "இப்ப பாரு" என்கிறார். யாரிடம் சொல்கிறார் என்பது இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை. மாடியில் குடியிருக்கும் நான் இறங்கி வந்து பின்னால் நின்றாலும் சொல்வார், நிற்காவிட்டாலும் சொல்வார்.

கண்ணாடிக்கடை அக்காவுக்கு ஐம்பது தாண்டிவிட்டது. வாரம் முழுக்கக் கடையின் பின்னறையில் உட்கார்ந்து, லென்ஸை ஃபிரேமுக்குத் தகுந்தபடி தேய்க்கிற வேலை. ஸ்கூட்டரில் பின்னால் உட்காரவே பயந்து கண்ணை மூடிக்கொள்கிறவர், ஞாயிறானால் கம்ப்யூட்டர் விளையாட்டில் டிரெய்லர் லாரி ஓட்டுகிறார். முதலில் எனக்குச் சிரிப்பாகத்தான் இருந்தது. அப்புறம்தான் கவனித்தேன், அவருக்கு முன்னால் எப்போதும் ஒரு பச்சை லாரி போகும். அது மெதுவானால் இவரும் மெதுவாவார். அது பெட்ரோல் பங்கில் நின்றால் இவரும் நிற்பார்.

பச்சை லாரியை இணையம் வழியாக ஓட்டுவது வெளியூரில் இருக்கும் அவருடைய தம்பி. தம்பி பெண்டாட்டியைப் பற்றி அக்கா ஒரு வார்த்தை விட்டுவிட்டார். அதிலிருந்து இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. விளையாட்டிலும் ஒரு எழுத்துகூட அனுப்பிக்கொள்வதில்லை. ஆனால் ஒரு ஞாயிறும் தவறியதில்லை. இதென்ன கூத்து, ஒரு ஃபோன் போட்டால் என்ன என்று கேட்டேன்.

"ஃபோன் பண்ணா பேசணுமே. லாரின்னா ஓட்டினா போதும்."

அந்த ஓட்டத்துக்கும் ஒரு நாள் முட்டுக்கட்டை விழுந்தது. விளையாட்டின் புதுப் பதிப்பு வந்து, தம்பி அதற்கு மாறிவிட்டார். பழைய பதிப்பில் இருப்பவர்கள் அவரோடு சேர்ந்து ஓட்ட முடியாது. புதுப் பதிப்போ அக்காவின் பழைய ஆபரேட்டிங் சிஸ்டத்தில் ஏறாது. வெறிச்சோடிய சாலையைப் பார்த்துக்கொண்டு அவர் உட்கார்ந்திருந்தார்.

"நானே விலகிட்டேன்னு நெனச்சுக்குவான்," என்றார்.

கம்ப்யூட்டர் மெக்கானிக் வந்து பார்த்தார். மெமரியைக் கொஞ்சம் கூட்டி, பழசை அழித்துவிட்டு நேராகப் புதுசைப் போட்டால் சாயங்காலத்துக்குள் முடிந்துவிடும் என்றார். மெமரிக்குச் சரி என்ற அக்கா, அடுத்ததற்கு மசியவில்லை.

"கண்ணுக்கு ஒரேயடியா பவர் ஏத்துவோமா? தலை சுத்தும்ல. படிப்படியாத்தான் ஏத்தணும்."

இது கம்ப்யூட்டர் அம்மா, இதற்கு எங்கே தலை சுற்றப் போகிறது என்று வாதாடிப் பார்த்த மெக்கானிக், கடைசியில் கும்பிடு போட்டுவிட்டுப் போனார்.

பழசுக்கும் புதுசுக்கும் இடையில் வந்த ஆபரேட்டிங் சிஸ்டம் ஒன்றையும் அக்கா விடவில்லை. ஒன்றைப் போடுவார், பழகட்டும் என்று சில நாள் விடுவார், பிறகு அடுத்தது. புதுக் கண்ணாடி போட்டவரிடம் கேட்பதுபோல "எழுத்து தெளிவா இருக்கா?" என்று கம்ப்யூட்டரிடம் கேட்டதை நானே காதால் கேட்டேன். முடிந்துவிட்டதா என்று பார்க்க நானும் மாடிப்படியில் ஏறி இறங்கியபடி இருந்தேன். எவ்வளவு ஏறியிருக்கிறது என்று திரையில் காட்டும் நீலக் கோடு நகரும், நிற்கும், உள்ளே விசிறி கத்தும், மறுபடி நகரும். இதற்குள் ஞாயிறுகள் போய்க்கொண்டிருந்தன. தம்பி இன்னுமா காத்திருப்பார் என்று எனக்குத்தான் ஆத்திரமாக வந்தது. அக்கா உதட்டைக் கடித்துக்கொண்டு கோட்டையே பார்த்திருந்தார்.

ஒருவழியாக ஒரு ஞாயிறு காலை புதுப் பதிப்பு திறந்தது. சாலையில் மழை ஈரம்கூடத் தெரிந்தது. கிடங்கு வாசலில் பச்சை லாரி விளக்கைப் போட்டுக்கொண்டு நின்றது. அக்கா தன் லாரியை மெல்ல உருட்டிப்போய் அதன் பின்னால் நிறுத்தினார். புதுப் பதிப்பில் ஓட்டுகிறவர்கள் வாய்விட்டும் பேசிக்கொள்ளலாம் என்பது எங்கள் இருவருக்குமே தெரியாது. ஸ்பீக்கர் கரகரத்தது.

"அக்கா, இத்தனை நாளா எங்க போன? உடம்புக்கு ஒண்ணுமில்லையே?"

அக்கா திரையைப் பார்த்து, இல்லை இல்லை என்று தலையை ஆட்டினார். ஆட்டிக்கொண்டே இருந்தார்.