பெல்ட் பாட்டுக்குக் கையெழுத்து வாங்கப் போனேன்

வெள்ளிக்கிழமை ரிலீஸ். திங்கட்கிழமை காலை, பாட்டுகளை இணையத்தில் ஏற்றித் தரும் டிஸ்ட்ரிபியூட்டரிடமிருந்து மெயில். கோரஸில் உள்ள சாம்பிளுக்குக் கிளியரன்ஸ், அதாவது அனுமதி, முழுமையாக இல்லை, வியாழனுக்குள் அனுப்பாவிட்டால் பாட்டை ஏற்ற முடியாது என்று. பதினைந்து வருடம் ராப் பாடி, யார் கையையும் எதிர்பார்க்காமல் முடித்த முதல் ஆல்பம். அந்தப் பாட்டு இல்லையென்றால் ஆல்பத்துக்கு முகமே இல்லை.

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். பழைய பதிவிலிருந்து ஒரு துண்டை வெட்டி நம் பாட்டில் வைத்தால் இரண்டு அனுமதி வேண்டும். பதிவு யாருடையதோ அவரிடம் ஒன்று, பாட்டைக் கட்டியவரிடம் ஒன்று. நான் வெட்டியது எங்கள் ஊர் நிலக்கரிச் சுரங்கத்தின் பாதுகாப்பு வாரப் போட்டியில் தொழிலாளர்கள் பாடிய ஒரு கேசட்டிலிருந்து. ‘நின்னு கேளு, நின்னு கேளு, பெல்ட்டு ஓடுதா நின்னு கேளு’ என்று எட்டுப் பேர் அடித்தொண்டையில் பாடுவார்கள். பெல்ட் என்றால் சுரங்கத்தில் கரியை ஏற்றிக்கொண்டு ஓடும் கன்வேயர் பெல்ட். கேட்டால் சிலிர்க்கும்.

என் தப்பு சுரங்கக் கம்பெனியின் டவுன்ஷிப்பில் பிறந்தவன் மட்டுமே செய்யக்கூடிய தப்பு. குவார்ட்டர்ஸ் கம்பெனியுடையது, பஸ் கம்பெனியுடையது. பாட்டும் கம்பெனியுடையதாகத்தானே இருக்கும்? கம்பெனியில் ஒரு அதிகாரியிடம் அனுமதிக் கடிதம் வாங்கி அனுப்பிவிட்டு நிம்மதியாக இருந்தேன். மெயில் வந்ததும் அவரிடமே ஓடினேன்.

“தம்பி, ரெக்கார்ட் பண்ணது நாங்க, அதுக்கு லெட்டர் குடுத்தாச்சு. பாட்டு கான்ட்ராக்ட் ஆளுங்களோடது. எங்களுக்கு இல்லாத உரிமைய நான் எப்படி எழுதித் தர்றது? மந்தாரக்குப்பத்துல அருள்தாஸ்னு ஒருத்தர் இருக்கார். அவர்தான் டீம் லீடர், போய்ப் பாருங்க” என்றார். நேர்மையான மனிதர்.

அருள்தாஸ் அண்ணன் நான் நீட்டிய அனுமதிப் படிவத்தை வாங்கி நிதானமாகப் படித்தார். ‘பாடலைக் கட்டியவர்’ என்ற இடம் வந்ததும் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

“இது பொய்க் கையெழுத்துப்பா. பாட்டு கட்டனது ரோசம்மா. எங்களோட கான்ட்ராக்ட்ல இருந்தவ. பெல்ட்டாண்ட சிந்தற கரிய வாரிகினே பாடுவா. போட்டிக்கு நாங்க ஆம்பளைங்க போயி, பரிச வாங்கிகினு வந்துட்டோம். அவ பேர யாரும் சொல்லல. நானும் சொல்லல.”

“அண்ணே, வியாழக்கிழமைக்குள்ள வேணும்ணே. இப்ப போயி யாரு கேக்கப் போறாங்க?”

“அன்னிக்கும் இதத்தான் சொன்னானுங்க” என்றார்.

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அண்ணன் அதற்குள் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

குள்ளஞ்சாவடி கூட்டுரோட்டில் ரோசம்மாவின் காய்கறிக் கடை. “என்னாய்யா, இப்பதான் வழி தெரிஞ்சிச்சா?” என்று வரவேற்றார். அண்ணன் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். “ஒம் பாட்டுக்கு நான் பரிசு வாங்கிட்டேன். தப்பு” என்றபோது அவர் குரல் இறங்கிவிட்டது. ரோசம்மா ஒருவருக்குக் கத்திரிக்காய் எடை போட்டுக் கொடுத்தார். பிறகு, பாட்டை ஓடவிட்டு நான் நீட்டிய போனைக் காதில் வைத்துக் கேட்டார்.

“தப்பாப் பாடிக்கினு இருக்கீங்களே! நின்னு கேளுன்னா ஒரு மூச்சு சும்மா இருக்கணும். பெல்ட்டு கெளம்பறதுக்கு முன்ன சைரன் ஊதும், அது காதுல வுழணும்னுதான் அந்த எடத்த வுட்டேன். போட்டியில நீங்க மேளத்தப் போட்டு மூடிட்டீங்க. மேடைக்கு சரி. பெல்ட்டாண்ட இப்பிடிப் பாடினா அவ்ளோதான்.”

அசந்துபோனேன். பீட்டில் எங்கே காலி இடம் தெரிந்தாலும் எதையாவது திணிப்பதுதான் என் பதினைந்து வருட வேலை. இந்த அம்மா கரியை வாரிக்கொண்டே, கூட இருப்பவர்களின் உயிரைக் காக்க ஒரு மௌனத்தைப் பாட்டுக்குள் கட்டியிருக்கிறார்!

“கையெழுத்துப் போடுவீங்களாம்மா?”

“இதுக்குப் போட மாட்டேன். ஒழுங்காப் பாடறதா இருந்தா போடறேன்.”

சாம்பிளைத் தூக்கிப் போட்டேன். புதன்கிழமை என் ரூமில், வெளிச்சத்தம் வராமலிருக்கக் கம்பளி கட்டிய ஜன்னலுக்குப் பக்கத்தில் நின்று ரோசம்மாவே பாடினார். பின்பாட்டு அருள்தாஸ் அண்ணன். இரண்டு தடவை அந்த இடத்தில் நிற்காமல் பாய்ந்துவிட்டார். “நில்லுய்யா!” என்று ரோசம்மா போட்ட அதட்டலில் மூன்றாவது டேக் சரியாக வந்தது. புதிய பதிவு என்பதால் பழைய கேசட்டுக்கு அனுமதியே தேவைப்படவில்லை. கட்டியவரின் கையெழுத்து ஒன்று போதும். வியாழன் மதியம் அனுப்பினேன்.

நான் கற்றுக்கொண்டது இதுதான். கிளியரன்ஸ் என்றால் யாரிடம் லெட்டர்பேட் இருக்கிறது என்று தேடுவது இல்லை. பாட்டு முதலில் யார் வாயில் பிறந்தது என்று கேட்டுக்கொண்டே போக வேண்டும். ரிலீஸ் தள்ளிப்போனாலும் பரவாயில்லை.

வெள்ளிக்கிழமை பாட்டு வந்துவிட்டது. அருள்தாஸ் அண்ணனோடு கடைக்குப் போய், போனில் பாட்டைக் கட்டியவர் என்று ரோசம்மாவின் பெயர் இருந்த இடத்தைக் காட்டினேன். விரலால் தடவிப் பார்த்துவிட்டு, அருள்தாஸ் அண்ணன் பக்கம் திரும்பினார்.

“இப்ப சொல்லுய்யா, யாரு பாட்டு?”

பஸ்ஸுக்கு நின்றவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்க்கிற மாதிரி அண்ணன் கத்தினார்: “ரோசம்மா பாட்டு!”